அக்கி ஆறியது, வலி ஆறவில்லை

அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளும் வழக்கம் தமிழக ஊர்களில் உண்டு. காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் உருவம் வரைவார்கள். சில வாரங்களில் அது காய்ந்துவிடும். எழுதாவிட்டாலும் அதே கெடுவில்தான் காயும். பக்கத்து ஊரிலேயே மருத்துவக் கல்லூரி இருப்பவர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் தானாகத் தணிந்ததா, சிகிச்சையால் தணிந்ததா என்ற கேள்வி, அக்கி ஆறிய பின்னும் நீடிக்கும் வலிக்காக முதுகுத்தண்டில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும் பொருந்தும்.

சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு பதுங்கியிருந்து, எதிர்ப்பாற்றல் தளரும் வயதில் அக்கியாக வெளிப்படுகிறது. தோல் ஆறினாலும் புண்பட்ட நரம்பு சிலருக்கு ஆறுவதில்லை. சட்டை உரசினாலே எரியும். நரம்பு வேரில் அழற்சி இருப்பதால் அங்கேயே ஸ்டீராய்டைச் செலுத்தலாம் என்பது நியாயமான யோசனைதான். 2000-இல் ஜப்பானில் 277 பேரிடம் நடந்த ஆய்வில், தண்டுவட நீருக்குள் ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் நல்ல நிவாரணம் கண்டார்கள். நெதர்லாந்தில் அதைச் சரிபார்க்க முயன்றபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு வலி கூடியதால் 10 பேரோடு ஆய்வு நிறுத்தப்பட்டது; முடிவு 2013-இல் வெளியானது. தண்டுவட உறைக்கு வெளியே போடும் எபிடியூரல் ஊசியை, அக்கி புதிதாக வந்த 598 பேரிடம் அதே நாட்டினர் சோதித்தார்கள். 2006-இல் வந்த முடிவு: முதல் மாதத்தில் வலி ஓரளவு குறைந்தது; நாள்பட்ட வலியை அது தடுக்கவில்லை.

‘ஊசி போட்டதும் தணிந்ததே’ என்பார்கள். உடன் செலுத்தும் மரப்பு மருந்தே சில மணி நேரம் தணிக்கும். இந்த வலி மாதக்கணக்கில் தானாகவும் குறைவதுண்டு. ஒப்பிட ஆளில்லாமல் எதற்கு நன்றி சொல்வது? ‘மாத்திரை கேட்காதவர் என்ன செய்வார்’ என்பது இன்னும் வலுவான கேள்வி. கேபாபென்டின், அமிட்ரிப்டிலின், லிடோகெயின் ஒட்டு எதுவும் பலிக்காதவர், வலி மருத்துவரிடம் பேசி ஊசியைக் கடைசி வழியாக எண்ணிப் பார்க்கலாம். அப்போது மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும்: எபிடியூரல் ஸ்டீராய்டால் அரிதாகப் பக்கவாதம், பார்வையிழப்பு, மரணம்கூட நேரலாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்தது.

ஊசியைவிடத் திடமான சான்றுள்ள வழி முன்கூட்டியே இருக்கிறது. ஐம்பது கடந்தோருக்கான அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, விலைதான் தடை. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் தொடக்க வலி தணியும், புண் சீக்கிரம் ஆறும். காவியால் கெடுதல் பெரிதில்லை. அதை நம்பிக் கழியும் மூன்று நாள்தான் நட்டம்.