விமானத்தை நிறுத்திய நான்கு சொட்டு நீர்

சென்ற ஜனவரியில் ஒரு கருத்தரங்கு முடிந்து, புதுதில்லியிலிருந்து சென்னைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. காலை ஆறரை மணி விமானம். நாலரை மணிக்கே இந்திரா காந்தி விமான நிலையத்துக்குப் போய், காத்திருப்புக் கூடத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். ஆறு மணிக்கு அறிவிப்புப் பலகையில் எங்கள் விமானத்துக்கு எதிரே ‘தாமதம்’ என்ற சொல் தோன்றியது. ஏழு மணிக்கும் அதே சொல். எட்டு மணிக்கும் அதுதான். கண்ணாடிச் சுவருக்கு வெளியே எங்கள் விமானம் நின்றுகொண்டிருந்தது. அதன் மூக்கு தெரிந்தது; வால் தெரியவில்லை. அந்த வகை விமானத்தின் நீளம் ஏறத்தாழ 37 மீட்டர். ஆக, அந்த நேரத்தில் பார்வை 40 மீட்டரைக்கூட எட்டவில்லை.

என் பக்கத்தில் ஒரு பெரியவர். விழுப்புரத்துக்காரர். வடநாட்டில் முப்பது ஆண்டுகள் ரயில்வே கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தில்லியில் மகன் வீட்டில் இருக்கிறார். அன்று மாலை ஆறு மணிக்கு விழுப்புரத்தில் பேத்திக்கு நிச்சயதார்த்தம். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தார்.

“தம்பி, ரயிலில் நாங்கள் மூடுபனிக்காக வண்டியை நிறுத்திவிட மாட்டோம். சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் பட்டாசு கட்டி வைப்பார்கள். சக்கரம் ஏறினால் ‘டப்’பென்று வெடிக்கும். சிக்னல் வருகிறது என்று டிரைவர் தெரிந்துகொள்வார். மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடுவோம். இத்தனை கோடி ரூபாய் விமானத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாதா?”

நல்ல கேள்வி. விடை சொல்ல, முதலில் அந்த வெள்ளைத் திரை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

எல்லாப் பொருள்களும் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக இடைவிடாமல் வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள தரை, ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஏறக்குறைய 360 வாட் அளவு ஆற்றலை இவ்வாறு மேல்நோக்கி அனுப்புகிறது. வானத்தில் மேகம் இருந்தால் அது ஒரு கம்பளியைப் போலச் செயல்பட்டு, அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வானம் தெளிவாக இருந்தால் திரும்பி வருவது குறைவு. தரை குளிர்ந்துகொண்டே போகும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தில்லியின் இரவு ஏறத்தாழ பதின்மூன்றரை மணி நேரம் நீடிக்கிறது. குளிர்வதற்கு நிறையவே நேரம்.

தரை குளிர்ந்தால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிரும். 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 9.4 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 5 டிகிரிக்கு இறங்கினால் 6.8 கிராம்தான். மிஞ்சிய நீராவி நீராக மாறியே தீர வேண்டும். அதில் ஒரு பகுதி புல்லின் மேல் பனித்துளியாகப் படிகிறது. மற்றொரு பகுதி காற்றிலேயே நுண்துளிகளாக மிதக்கிறது. இதுவே மூடுபனி. பார்வை ஒரு கிலோமீட்டருக்குக் கீழே குறைந்தால்தான் வானிலை அறிஞர்கள் அதை மூடுபனி என்பார்கள்.

பஞ்சாபிலிருந்து வங்காளம் வரை நீண்டு கிடக்கும் கங்கைச் சமவெளி, இதற்கென்றே அமைந்தது போன்ற நிலப்பரப்பு. மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழை மண்ணை நனைத்துவிட்டுப் போகிறது. கோதுமை வயல்களுக்குக் கால்வாய் நீர் பாய்கிறது. மழை மேகம் விலகியதும் வானம் தெளிகிறது, காற்று அடங்குகிறது. ஈரம், தெளிந்த வானம், அசையாத காற்று, நீண்ட இரவு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன.

இவற்றோடு புகையும் சேர்கிறது. நீராவி தானாகத் துளியாகிவிடாது. ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜான் எய்ட்கென் 1880-ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டினார். பஞ்சில் வடிகட்டித் தூசு நீக்கிய காற்றுள்ள கலத்தில் நீராவியைச் செலுத்தினார். கலம் தெளிவாகவே இருந்தது. சாதாரணக் காற்றுள்ள கலத்தில் செலுத்தியதும் வெண்மையாக மூட்டம் போட்டது. நம் சென்னையிலும் இந்தச் சோதனை போகிதோறும் நடக்கிறது என்று சொல்லலாம். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று பழம்பொருள்களை எரித்த புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்துகொண்டு சென்னை விமானங்களைத் தடுமாற வைத்தன.

இனி ஒரு சிறு கணக்கு. அடர்ந்த மூடுபனியில் ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள நீர் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 0.2 கிராம், மருந்துக்குப்பியின் சொட்டுக் குழாயிலிருந்து விழும் நான்கு சொட்டு. அந்த நான்கு சொட்டுகளையும் அப்படியே காற்றில் தொங்கவிட்டால், அவை மறைக்கும் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூட இராது. அதே நீரை 10 மைக்ரான் ஆரமுள்ள துளிகளாக உடையுங்கள். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஏறத்தாழ ஐந்து கோடித் துளிகள் கிடைக்கும். அவை மறைக்கும் பரப்பு 150 சதுர சென்டிமீட்டராகிவிடும். ஒவ்வொரு மீட்டரிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி சிதறிப்போவதால், நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள கரிய பொருளும் வெண்திரையில் கரைந்துவிடுகிறது. துளியின் ஆரம் பாதியானால், நீரின் அளவு மாறாமலே மறைக்கும் பரப்பு இரு மடங்காகும், பார்வை பாதியாகும். புகைத் துகள் மிகுந்தால் துளிகளின் எண்ணிக்கை மிகும், ஒவ்வொன்றும் சிறிதாகும். புகை மண்டிய ஊரின் மூடுபனி கிராமத்து மூடுபனியைவிடக் கண்ணை மறைப்பது இதனால்தான்.

“நீர்தானே, கீழே விழுந்துவிடாதா?” என்றார் பெரியவர். விழும், ஆனால் அந்த அளவுத் துளி வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். நூறு மீட்டர் இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் புதிய துளிகள் பிறந்துவிடும்.

வெயில் ஏறினால் உடனே கலையாதா என்றும் கேட்கலாம். மூடுபனி உண்டான பிறகு ஒரு வேடிக்கை நடக்கிறது. தரைக்குப் பதிலாக மூடுபனியின் மேற்பரப்பே வெப்பத்தை வான்வெளிக்கு அனுப்பத் தொடங்குகிறது. மேலிருந்து குளிர்ந்து, மேலும் தடிக்கிறது. பொழுது விடிந்ததும் அதே மேற்பரப்பு வெயிலில் ஒரு பெரும் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. டிசம்பர் இறுதியில் நண்பகலில்கூடத் தில்லிச் சூரியன் அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரந்தான் ஏறுகிறது. திரையைத் தாண்டி வரும் சிறிதளவு வெயில் முதலில் தரையைச் சூடாக்க வேண்டும். தரை காற்றைச் சூடாக்க வேண்டும். பிறகுதான் துளிகள் ஆவியாகும். அதற்குள் பத்து, பதினொன்று ஆகிவிடும். இந்த மூடுபனி எப்போது பிறக்கும், எப்போது கலையும் என்பதை முன்கூட்டிச் சொல்வதற்காகவே 2015-ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதல் இந்த விமான நிலையத்திலேயே நம் அறிவியலார் கருவிகளை நிறுத்தி ஆராயத் தொடங்கினார்கள்.

செயற்கையாகச் சூடாக்கிக் கலைத்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ஓடுபாதையின் இருபுறமும் குழாய்களில் பெட்ரோலை எரித்து விமானங்களை இறக்கினார்கள். மணிக்கு இலட்சக்கணக்கான லிட்டர் செலவாயிற்று. போர்க்காலத்தில் விமானியின் உயிருக்கு முன்னால் அது பெரிதில்லை. இன்று எந்த விமான நிலையத்துக்கும் கட்டுப்படியாகாது.

எட்டரை மணிக்குத் திரை சற்று மெலிந்தது. எங்கள் விமானத்தின் வால் தெரிந்தது. அப்போது எங்கோ பெரும் இரைச்சல். வெளியூர் விமானம் ஒன்று இறங்கிவிட்டது! கூடத்தில் கொந்தளிப்பு. சிலர் எழுந்து போய்க் கவுண்டரில் இருந்த இளம்பெண்ணைச் சூழ்ந்துகொண்டார்கள். “அவன் இறங்குகிறான், நீங்கள் ஏன் கிளம்பவில்லை?” பாவம், அந்தப் பெண்ணுக்கும் யாரும் காரணம் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தாமதத்தில் எனக்குக் குறையில்லை. காரணத்தைச் சொல்லாமல் விட்டதில்தான் குறை.

தில்லியில் தக்க கருவியும் தக்க பயிற்சியும் இருந்தால் 50 மீட்டர் பார்வையிலும் விமானம் இறங்கலாம். மேலே கிளம்பவோ 125 மீட்டர் வேண்டும். தலைகீழாகத் தோன்றுகிறது அல்லவா?

இறங்கும்போது விமானத்தை ஓட்டுவது விமானி அல்ல, வானொலி அலை. ஓடுபாதையின் கோடியிலுள்ள நிலையம் இரண்டு கற்றைகளை அனுப்புகிறது. ஒன்றில் வினாடிக்கு 90 அதிர்வுகளுள்ள தொனியும் மற்றொன்றில் 150 அதிர்வுகளுள்ள தொனியும் ஏற்றப்பட்டிருக்கின்றன. விமானம் ஒரு பக்கம் விலகினால் ஒரு தொனி ஓங்கும்; மறுபக்கம் விலகினால் மற்றது ஓங்கும். இரண்டும் சமமாக இருந்தால் நடுக்கோட்டில் இருப்பதாகப் பொருள். இறங்கும் சரிவைக் காட்டவும் இதே முறையில் இன்னொரு சோடிக் கற்றைகள் உண்டு. தானியங்கிக் கருவி இவற்றைப் பிடித்துக்கொண்டு விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும். நுண்துளிகள் ஒளியைத்தான் சிதறடிக்கின்றன. மீட்டர் கணக்கில் நீளமுள்ள இந்த வானொலி அலைகளுக்கு அவை ஒரு பொருட்டே அல்ல.

மேலே கிளம்புவதோ விமானியின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. நடுக்கோட்டில் பதித்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டே அவர் ஓட்ட வேண்டும். விளக்குகள் 15 மீட்டருக்கு ஒன்று. 125 மீட்டரில் எட்டு விளக்கு தெரியும். விமானம் தரையை விட்டு எழும் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் இருக்கும்; அதாவது வினாடிக்கு எழுபது மீட்டர். அந்த 125 மீட்டரும் இரண்டு வினாடிக்குள் காலடியில் ஓடி மறைந்துவிடும். ஓர் இயந்திரம் பழுதாகி விமானம் ஒரு பக்கம் இழுத்தால், அந்த எட்டு விளக்குகளை வைத்துத்தான் நேராக்க வேண்டும்.

பெரியவரின் பட்டாசுக் கேள்விக்கும் விடை இங்கே இருக்கிறது. ரயில் மெதுவாகப் போகலாம். தண்டவாளம் அதை விலகவிடாது. விமானம் மெதுவாகப் போனால் இறக்கைக்குத் தாங்கும் விசை கிடைக்காது, எழும்பவே முடியாது.

அவசரப்பட்டதன் விலையையும் அவரிடம் சொன்னேன். 1977 மார்ச் 27-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுக்குரிய தெனெரீஃப் தீவில், மலைமேல் அமைந்த விமான நிலையத்தை மேகம் மூடியிருந்தது. வேறு தீவிலிருந்து திருப்பிவிடப்பட்ட இரண்டு போயிங் 747 விமானங்கள் அங்கே பல மணி நேரம் காத்துக் கிடந்தன. டச்சு விமானிகளுக்கு வேலை நேரம் முடியப் போகிறதே என்ற கவலை. அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணி டச்சு விமானம் ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில், திரைக்குள், அமெரிக்க விமானம் எதிரே வந்துகொண்டிருந்தது. ஒன்றையொன்று கண்டபோது நேரம் கடந்துவிட்டது. 583 பேர் மாண்டார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு விமானங்களுமே தெரியவில்லை.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகளைத் தொலைபேசியில் அழைத்து, “நான் வர முன்னே பின்னே ஆகும், நீங்கள் தட்டு மாற்றிக்கொள்ளுங்கள்” என்றார்.

பத்தே முக்காலுக்கு அழைத்தார்கள். ஓடுபாதையை அடையவே அரை மணிக்கு மேல் ஆயிற்று. முன்னால் வரிசை நின்றது. மூடுபனியில் விமானங்களுக்கிடையே அதிக இடைவெளி விடுவார்கள். இறங்கும் விமானத்துக்கு வழிகாட்டும் வானொலிக் கற்றையை மற்றொரு விமானத்தின் உலோக உடல் கலைத்துவிடக் கூடாதல்லவா? அன்று வெயில் காய்ந்த கோவையிலும் மதுரையிலும்கூடச் சிலர் தாமதத்துக்காக முணுமுணுத்திருப்பார்கள். அவர்கள் ஏற வேண்டிய விமானம் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கும்.

விமானம் எழும்பியது. சன்னலில் வெறும் வெண்மை. பெரியவர் கார்டு வேலைப் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். திடீரென்று நீல வானம். கீழே கண்ணுக்கெட்டிய வரை பஞ்சு விரித்தாற்போன்ற வெண்பரப்பு.

“பன்னிரண்டு வினாடி” என்றார். “இவ்வளவு மெல்லிசா இது?”