திமிங்கலத்தை விழுங்கும் வலை

வடமொழியில் 'திமி' என்பது ஒரு பெருமீனின் பெயர். அத்திமியையே விழுங்குவது 'திமிங்கிலம்'. அதனையும் விழுங்க வல்லதொன்று கடலில் உண்டெனக் கருதி, அதற்குத் 'திமிங்கிலகிலம்' எனப் பெயரிட்டனர் பழையோர். ஒரு சொல்லின் வயிற்றில் மற்றொரு சொல் கிடக்கும் இவ்வழகை வகுப்பில் எடுத்துரைத்தால் மாணவர் பெரிதும் மகிழ்வர். ஆயின், இன்று திமிங்கலத்தை விழுங்குவது வேறொரு கடல்விலங்கு அன்று. மெல்லிய நைலான் நூலாற் பின்னிய வலையே ஆகும்.

சிங்கப்பூரார் இரு திமிங்கல எலும்புக்கூடுகளை அறிவர். 1892இல் மலாக்காக் கடற்கரையில் ஒதுங்கிய, ஏறத்தாழ 42 அடி நீளமுள்ள ஒன்றன் எலும்புக்கூடு, 1907 முதல் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் காட்சிக்கு இருந்தது. 1974இல் மலேசியாவுக்கு வழங்கப்பட்டது. மற்றது 2015 சூலை 10ஆம் நாள் ஜூரோங் தீவருகே இறந்து மிதந்தது. அம்பர் தரும் எண்ணெய்த் திமிங்கல இனத்துப் பெண், 10.6 மீட்டர் நீளம். இன்று அது லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் முதுகில் கப்பல் மோதியதால் நேர்ந்ததெனக் கருதப்படும் பெருங்காயம் இருந்தது. வயிற்றில் கணவாய்களின் அலகுகளோடு நெகிழிக் குவளைகளும் கிடந்தன.

இவ்விரண்டும் வலைப்பட்டு மாண்டவை அல்ல. ஆகவே வலை நமக்குத் தொலைவான செய்தி என்று எண்ணிவிடலாகாது. வலையில் மாள்பவை பெரும்பாலும் அரும்பொருளகம் வரை வருவதில்லை. நடுக்கடலிலேயே அறுத்து விடப்பட்டு, ஆழத்தில் மறைந்துபோகின்றன.

"இவ்வளவு பெரிய உடம்புக்கு வலையை அறுத்துக்கொண்டு போகத் தெரியாதா, ஐயா?" என்று எங்கள் தோட்டப் பள்ளி மாணவன் ஒருவன் அவ்வெலும்புக்கூட்டின் கீழ் நின்று வினவினான். நல்ல வினா. இதற்குரிய விடை, 'திமிங்கலம் மீன் அன்று' என ஆசிரியராகிய நாம் ஒரே வரியிற் சொல்லிக் கடந்துவிடும் பாடத்தினுள் இருக்கிறது.

மீனுக்குச் செவுள் உண்டு. நீரிலேயே அது மூச்சு விடும். திமிங்கலத்துக்கு நம்மைப் போல் நுரையீரல். காற்றுக்காக அது மேலே வந்தே ஆகவேண்டும். செவுள் வலையோ கடலின் மேற்பரப்பில் மிதவைகளால் தாங்கப்பட்டு, அடியில் ஈயக் குண்டுகளால் இழுக்கப்பட்டு, நீருக்குள் ஒரு சுவர் போல் நிற்பது. தலையை நுழைத்த மீன் செவுள் மாட்டிக்கொண்டு பின்வாங்க இயலாது நிற்கும். அதே வலையில் டால்பின் எனப்படும் ஓங்கிலோ சிறு திமிங்கலமோ சுற்றிக்கொண்டால் மேலெழ முடியாது. மூச்சு முட்டிச் சில நிமிடங்களில் இறக்கும். பெருந்திமிங்கலத்தின் கதை இதனினும் கொடிது. அது வலிமையுடையது; வலையையும் கயிற்றையும் பிய்த்துக்கொண்டு புறப்பட்டுவிடும். ஆனால் வாலிலும் வாயிலும் சுற்றிய கயிறு அதனோடேயே போகும். நீந்த நீந்தக் கயிறு கொழுப்பை அறுத்து எலும்பு வரை இறங்கும். இரை தேட இயலாது பல மாதங்கள் மெலிந்து சாகும். என் மாணவனுக்குரிய விடை இதுதான்: அறுத்துக்கொண்டு போகத் தெரியும்; அவிழ்த்துக்கொள்ளக் கைகள் இல்லை.

பண்டைப் பருத்தி வலைகள் நீரில் ஊறி மட்கிவிடும். நைலான் மட்காது, கைவிடப்பட்ட பின்னும் ஆளின்றியே மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஓமான் கடற்பகுதியில் வாழும் கூனல் திமிங்கலங்கள் 100க்கும் குறைவென மதிப்பிட்டுள்ளனர். ஆராய்ந்தவற்றுள் மூன்றிலொரு பங்குக்குக் குறையாதவற்றின் வாலடியில் கயிறோ வலையோ சுற்றியதைக் காட்டும் தழும்புகள் இருந்தன. இந்தியப் பெருங்கடல் முழுவதையும் நோக்கின், 1950 முதல் 2018 வரை சூரை மீனுக்கென விரித்த செவுள் வலைகளில் ஏறத்தாழ 41 இலட்சம் ஓங்கில்களும் சிறு திமிங்கலங்களும் சிக்கின என 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. தேக்காச் சந்தையில் நாம் பேரம் பேசி வாங்கும் சூரை எவ்வலையிற் பட்டது என்பதை மீனைப் பார்த்து எவரும் சொல்லிவிட முடியாது.

இதற்காக மீனவரைத் தூற்றுவது முறையன்று. திமிங்கலம் சிக்கினால் வலை கிழிகிறது. கிழிந்த வலையின் விலை ஒரு குடும்பத்தின் பல மாத உணவாகும். சிக்கவேண்டும் என்று விரும்பும் மீனவர் எவருமிலர்.

சட்டமும் உண்டு. 2.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மிதவை வலைகளைப் பெருங்கடல்களில் நிறுத்துமாறு ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவை கேட்டுக்கொண்டது. 1992 இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. கரைநாடுகளின் கடல் எல்லைக்குள்ளும் இத்தடை செல்லும் என இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2022 முதல் விதித்தது. எண்ணற்ற சிறு படகுகளை நடுக்கடலில் அளந்து பார்ப்பது யார் என்பதே இடர்.

என் கருத்தில் சட்டத்தினும் மேலானது பாகிஸ்தான் சூரைப் படகுகளிற் செய்து பார்த்த ஒரு சிறு மாற்றம். மிதவைக்கும் வலைக்கும் இடையே கயிற்றை நீட்டி, வலையின் மேல்விளிம்பை இரண்டு மீட்டர் தாழ்த்தினர். 2021இல் வெளியான முடிவின்படி, சிக்கிய ஓங்கில், திமிங்கலங்களின் அளவு ஏறத்தாழ 78 விழுக்காடு குறைந்தது. சூரை வரத்தோ பெரிதாகக் குறையவில்லை. மூச்சுக்காக வருவன மேற்பரப்பை ஒட்டியே நடமாடுகின்றன; அந்த இரண்டு மீட்டர் இடைவெளி அவற்றுக்கு வழிவிடுகிறது. மீனவருக்கு இதனால் ஆகும் கூடுதற் செலவு சிறிது கயிறு.