எக்ஸ்ப்ளோரரின் பின்சக்கரம்

1998 ஜூலையில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு முகமையான என்.எச்.டி.எஸ்.ஏ.வுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அனுப்பியவர் சாம் பாய்டன். ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வரும் கோப்புகளைப் படித்து ஆராய்வது அவருடைய வேலை. ஃபயர்ஸ்டோன் ஏ.டி.எக்ஸ் என்ற ஒரே வகை டயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உரிந்துபோனதாக அவரிடம் 21 கோப்புகள் சேர்ந்திருந்தன. அவற்றில் 14 வண்டிகள் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். கவனியுங்கள் என்று எழுதினார். முகமை ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 2000 ஆகஸ்ட் 9 அன்று, ஃபயர்ஸ்டோன் இத்தகைய டயர்களைத் திரும்பப் பெறுவதாக (ரீகால்) அறிவித்தது. அதுவரை தயாரித்திருந்தவை 1 கோடியே 44 லட்சம். அறிவிப்பு வந்த அன்று சாலையில் ஓடிக்கொண்டிருந்தவை ஏறக்குறைய 65 லட்சம். விசாரணை முடிவதற்குள் அமெரிக்காவில் 271 மரணங்கள் இந்த டயர்களோடு தொடர்புபடுத்தி முகமையின் கணக்கில் ஏறியிருந்தன.

வண்டியிலிருந்து தொடங்குவோம். எக்ஸ்ப்ளோரர் 1990இல் சந்தைக்கு வந்தது. ரேஞ்சர் என்ற சிறிய பிக்கப் வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் குடும்பம் உட்காரும் கூட்டைப் பொருத்திய வண்டி. அமெரிக்கக் குடும்பங்கள் அதுவரை வைத்திருந்த ஸ்டேஷன் வேகனை விற்றுவிட்டு இதை வாங்கின. உயரத்தில் உட்கார்ந்து ஓட்டலாம், பின்னால் சாமான் ஏற்றலாம், பனியிலும் போகலாம். 1990கள் முழுக்க அந்த நாட்டில் மிக அதிகமாக விற்ற எஸ்.யூ.வி. இதுதான்.

உயரமாக உட்கார்வதற்கு ஒரு விலை உண்டு. புவியீர்ப்பு மையம் மேலே போகும். சக்கரங்களுக்கு இடையிலான அகலம் அதே அளவுக்குக் கூடாவிட்டால் வண்டி கவிழ எளிதாகிவிடும். எக்ஸ்ப்ளோரருக்கு முன் ஃபோர்டு விற்ற பிராங்கோ II கவிழ்வதில் ஏற்கெனவே பெயர் கெட்டிருந்தது. அதனால் 1989இல் சோதனை ஓட்டங்களில் எக்ஸ்ப்ளோரரும் திடீர்த் திருப்பத்தில் சக்கரத்தைத் தூக்கியபோது பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். அடிச்சட்டத்தை அகலமாக்கினால் வண்டி வெளிவரத் தாமதமாகும். சஸ்பென்ஷனில் சில சிறு மாற்றங்களோடு, டயரில் காற்றைக் குறைத்து 26 பி.எஸ்.ஐ. என்று முடிவு செய்தார்கள். காற்று குறைந்த டயர் சாலையைச் சற்றுத் தளர்வாகவே பிடிக்கும். வண்டி புரளுவதற்குப் பதில் வழுக்கும். பயணமும் மெத்தென்று இருக்கும். பயணச் சுகத்துக்காகவும் ஓட்டும் தன்மைக்காகவுமே அந்த எண் என்று பிற்பாடு ஃபோர்டு சொன்னது. வழக்குகளிலும் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையிலும் வெளிவந்த உள் ஆவணங்களைப் படித்தவர்களுக்கு அந்த விளக்கம் மட்டும் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

இனி டயர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ரப்பர் வளையம். உள்ளே அது பல அடுக்கு. ரிம்மைக் கவ்விப் பிடிக்க இரண்டு ஓரத்திலும் எஃகுக் கம்பி வளையம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் குறுக்காக ஓடும் பாலியஸ்டர் நூலடுக்கு. ரேடியல் என்று டயருக்குப் பெயர் வந்தது இந்த அமைப்பால்தான். அதன்மேல், சாலையில் படும் பகுதிக்குக் கீழே, இரண்டு எஃகுப் பட்டைகள். மெல்லிய கம்பிப் புரிகளை வரிசையாக ரப்பருக்குள் புதைத்துச் செய்தவை. ஒன்றின் கம்பிகள் ஒரு பக்கம் சாய்ந்தும் மற்றதன் கம்பிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் இருக்கும். தொழிலில் இருப்பவர்கள் இதை ‘பெல்ட்’ என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே நாம் பார்க்கும் பட்டன் போட்ட ரப்பர்.

ரப்பர் எஃகில் ஒட்டாது. அதனால் ஒவ்வொரு கம்பிக்கும் பித்தளை முலாம் பூசுகிறார்கள். டயரை அச்சில் வைத்து வேகவைக்கும்போது ரப்பரில் கலந்த கந்தகமும் பித்தளையில் உள்ள செம்பும் வினைபுரிந்து ஒரு மெல்லிய செப்பு சல்ஃபைடு படலம் உருவாகிறது. ஒட்டுவது அந்தப் படலம். ஆனால் பெல்ட்டைத் தேவையான அகலத்துக்கு வெட்டும்போது ஒவ்வொரு கம்பியின் நுனியும் வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட முகத்தில் பித்தளை இல்லை, வெறும் எஃகுதான். ஆக, உலகின் எந்த எஃகு ரேடியல் டயரை எடுத்தாலும் பெல்ட்டின் இரு ஓரங்களிலும், நூற்றுக்கணக்கான கம்பி நுனிகளில், ரப்பர் ஒட்டாத புள்ளிகள் இருக்கின்றன. விரிசல் தொடங்க ஏற்ற இடமும் அதுவே.

எக்ஸ்ப்ளோரரின் டயர் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டரில் அது நொடிக்கு 13 முறை சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் தரையில் படும் பகுதி தட்டையாகி, மறுபடி வளைகிறது. அப்போது இரண்டு பெல்ட்டுகளின் ஓரங்களும் ஒன்றையொன்று எதிர்த் திசையில் இழுக்கின்றன. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அப்படித்தான். வித்தியாசம், இங்கே பல கோடி முறை. இந்த இழுவையைத் தாங்கத்தான் ஓரங்களுக்கிடையே ஆப்பு வடிவில் கொஞ்சம் கூடுதல் ரப்பர் வைக்கிறார்கள். காற்று குறைந்தால் டயர் அதிகம் தட்டையாகும். பாரம் ஏறினால் இன்னும் அதிகம். தட்டையாகத் தட்டையாகச் சூடு ஏறும். சூட்டில், உள்ளிருந்து கசிந்து வரும் ஆக்சிஜன் ரப்பரை முதுமையாக்கும். இதெல்லாம் ஒரே நேரத்தில் கூடும் காட்சி எளிது: கோடை விடுமுறை, ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், 26 பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறங்கிவிட்ட காற்று, டெக்சாஸ் நெடுஞ்சாலை.

புகார்கள் டெக்சாஸ், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா, அரிசோனா என்று வெயில் மாநிலங்களிலேயே குவிந்தன. பல ஓட்டுநர்கள் சொன்னது ஏறக்குறைய ஒரே மாதிரி: முதலில் ஒரு அதிர்வு, பிறகு தடதட சத்தம், அடுத்த கணம் பின்பக்கம் வண்டியை விட்டு விலகி ஓடுவதுபோல் ஒரு இழுப்பு. மேல் பெல்ட்டும் அதன் மேலிருந்த ரப்பரும் மொத்தமாக உரிந்து சாலையில் விழ, காற்று சில சமயம் உள்ளேயே நிற்கும். பின்சக்கரத்தின் பிடி போனதும் சிறு ஸ்டீயரிங் திருப்பம்கூட வண்டியைச் சுழற்றிவிடும். பதறிப்போய் எதிர்ப்பக்கம் ஒடித்தால் உயரமான வண்டி புரளும்.

ஒவ்வொரு உரிமையாளரும் இதை எங்கோ ஓரிடத்தில் சொல்லியிருந்தார். ஒருவர் டயர்க்கடையில், ஒருவர் ஃபோர்டு டீலரிடம், ஒருவர் காப்பீட்டு நிறுவனத்தில். வழக்குப் போட்டவர்களில் பலருக்கு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் பணம் கொடுத்து, விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டது. டயரின் குறை தெரிந்திருந்த வழக்கறிஞர்கள்கூட அரசிடம் போகவில்லை. தங்கள் வழக்குக்கு என்ன ஆகுமோ என்ற பயம். வெளிநாட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். சவூதி அரேபியாவிலும் பிற வளைகுடா நாடுகளிலும் 1999இல், அடுத்து மலேசியா, தாய்லாந்து, வெனிசுவேலாவிலும் ஃபோர்டு தானாகவே டயர்களை மாற்றிக்கொடுத்தது. வெளிநாட்டில் செய்வதை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்க அன்றைய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஃபோர்டும் தெரிவிக்கவில்லை.

சிதறிக் கிடந்ததை ஒன்றாக்கியது ஒரு உள்ளூர்த் தொலைக்காட்சி. 2000 பிப்ரவரியில் ஹியூஸ்டன் நகரின் கே.எச்.ஓ.யூ. நிலையத்தில் ஆனா வெர்னர் என்ற நிருபர் இந்த விபத்துகளைத் தொகுத்து ஒளிபரப்பினார். பார்த்தவர்கள் முகமையின் புகார் எண்ணுக்கு அழைக்க ஆரம்பித்தார்கள். மே 2 அன்று முகமை விசாரணையைத் தொடங்கியது. அதிலிருந்து ரீகால் வர மூன்று மாதம்தான் பிடித்தது. அந்த வேகத்தைப் பார்க்கும்போதுதான் 1998இல் வந்த மின்னஞ்சலின் நினைவு உறுத்துகிறது.

பிறகு இரண்டு நிறுவனங்களும் சண்டைக்குப் போயின. அந்த உறவு சாதாரணமானதல்ல. ஹென்றி ஃபோர்டு 1906 முதல் ஹார்வி ஃபயர்ஸ்டோனிடம் டயர் வாங்கியவர். இருவரும் சேர்ந்து காட்டில் முகாமிடப் போன நண்பர்கள். 1947இல் ஃபோர்டின் பேரனுக்கு ஃபயர்ஸ்டோனின் பேத்தியைக் கட்டிவைத்தார்கள். அவர்களுடைய மகன் வில்லியம் கிளே ஃபோர்டு ஜூனியர்தான் ரீகால் நடந்தபோது ஃபோர்டு நிறுவனத்தின் தலைவர். ஃபயர்ஸ்டோன் மட்டும் கை மாறியிருந்தது. 1978இலேயே ‘ஃபயர்ஸ்டோன் 500’ என்ற ரேடியல் டயர் இதேபோல உரிந்து, 1 கோடியே 45 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்று நொடிந்துபோன நிறுவனத்தை 1988இல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் வாங்கியது.

குறை டயரில்தான் என்றது ஃபோர்டு. 1990களின் நடுவில் பல லட்சம் எக்ஸ்ப்ளோரர்களில் குட்இயர் டயர் போட்டோம், காற்று அதே 26 பி.எஸ்.ஐ.தான், அவை உரியவில்லையே? குறை வண்டியில் என்றது ஃபயர்ஸ்டோன். எங்கள் டயர் ரேஞ்சர் பிக்கப்பில் ஓடும்போது இவ்வளவு கோளாறு இல்லையே? 2001 மே மாதம் ஃபயர்ஸ்டோன் இனி ஃபோர்டுக்கு டயர் விற்கமாட்டோம் என்று கடிதம் எழுதியது. மறுநாளே ஃபோர்டு, முதல் ரீகாலில் சேராமல் தன் வண்டிகளில் இருந்த 1 கோடியே 30 லட்சம் ஃபயர்ஸ்டோன் டயர்களைத் தன் செலவில் மாற்றுவதாக அறிவித்தது. செலவு சுமார் 300 கோடி டாலர்.

பாதுகாப்பு முகமை டயரின் மேல்தான் தீர்ப்பெழுதியது. பெல்ட் ஓரத்தில் அழுத்தம் குவியும்படி தோள்பகுதி வடிவமைக்கப்பட்டிருந்தது, பெல்ட்டுகளுக்கிடையேயான ரப்பருக்கு விரிசலைத் தடுக்கும் வலு போதவில்லை என்று 2001 அக்டோபரில் கண்டறிந்து, மேலும் 35 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறவைத்தது. எக்ஸ்ப்ளோரரின் நிலைத்தன்மையை விசாரிக்க வேண்டும் என்ற ஃபயர்ஸ்டோனின் மனுவை 2002 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. பின்டயர் உரிந்தால் மற்ற எஸ்.யூ.வி.க்களும் இதேபோலத்தான் தடுமாறும் என்பது அதன் காரணம். சட்டப்படி சரியாக இருக்கலாம். அந்தச் சண்டைக்கு நடுவில் ஃபோர்டு கொண்டுவந்த புதிய எக்ஸ்ப்ளோரரில் சக்கர அகலம் இரண்டரை அங்குலம் கூடியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

டயர் ஏன் பலவீனமாயிற்று என்ற கேள்விக்கு ஒரு எதிர்பாராத பதில் பொருளாதார அறிஞர்களிடமிருந்து வந்தது. கெட்ட டயர்கள் பெரும்பாலும் இல்லினாய் மாநிலம் டெகேட்டர் ஆலையில் செய்தவை. அந்த ஆலையில் 1994இல் நிர்வாகம் சலுகைகளைக் குறைக்கக் கேட்டு, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, அவர்களுக்குப் பதில் வேறு ஆட்கள் வந்தார்கள். பிரின்ஸ்டனின் ஆலன் க்ரூகரும் அலெக்சாந்த்ரே மாஸும் டயர் செய்த காலத்தையும் புகார்களையும் பொருத்திப் பார்த்தார்கள். 2004இல் வெளியான அவர்களுடைய ஆய்வு சொல்வது: கோளாறு எகிறியது புது ஆட்கள் மட்டும் வேலை செய்த மாதங்களில் அல்ல, நிர்வாகம் சலுகைக் குறைப்பைக் கேட்ட நாட்களிலும், வேலைநிறுத்தம் செய்தவர்கள் திரும்பி வந்து புது ஆட்களோடு தோளுரசி வேலை செய்த நாட்களிலும்தான். மனக்கசப்பு ரப்பரில் போய்த் தங்கியிருக்கிறது. ஆலையை 2001 டிசம்பரில் மூடிவிட்டார்கள்.

2000 நவம்பர் 1 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான ‘டிரெட்’ சட்டம் இரண்டு ஓட்டைகளை அடைத்தது. மரணம், காயம், வாரண்டிக் கோரிக்கை, உரிமையாளர் புகார் ஆகியவற்றை நிறுவனங்கள் காலாண்டுதோறும் அரசுக்கு ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டில் ரீகால் நடத்தினால் ஐந்து வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். இந்தியாவில் ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில்; அதற்குமுன் 2012 முதல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக வகுத்துக்கொண்ட நெறிமுறைதான் இருந்தது.

அந்த அமெரிக்கச் சட்டத்தின் இன்னொரு பிள்ளையைப் பல புதிய கார்களின் டாஷ்போர்டில் பார்க்கலாம்: குதிரை லாடம்போல வளைந்து, நடுவில் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு. காற்று, நிர்ணயித்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் எரிய வேண்டும் என்பது அமெரிக்க விதி. 2008 மாடல் முதல் அங்கே எல்லாக் கார்களிலும் கட்டாயம். 30 பி.எஸ்.ஐ. போட வேண்டிய டயர் இருபத்திரண்டரைக்கு இறங்கும்வரை விளக்கு சும்மா இருக்கலாம் என்றும் இதற்கு அர்த்தம். ஆகவே விளக்கை நம்பி காற்றுப் பார்க்காமல் விடக் கூடாது. நிர்ணயித்த அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். டயரின் வயதும் டயரிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 1423 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்தது. டி.ஓ.டி.க்கு அடுத்து வரும் குறி ஆலையைக் காட்டும். டெகேட்டருக்கு வி.டி.; 2000 ஆகஸ்டில் அமெரிக்கர்கள் வண்டிக்கடியில் குனிந்து தேடியது அந்த இரண்டு எழுத்துகளைத்தான். சில டயர்களில் முழு வரியும் உட்பக்கச் சுவரில் இருந்ததால் படுத்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது.

யார் குற்றம் என்பதில் ஃபோர்டும் பிரிட்ஜ்ஸ்டோனும் கடைசிவரை உடன்படவில்லை. 2005 அக்டோபரில் பிரிட்ஜ்ஸ்டோன் 24 கோடி டாலர் கொடுக்க, இருவரும் கணக்கை முடித்துக்கொண்டார்கள்.