கைப்பிடியில் ஒரு உரசல்

கோவை சத்தி சாலை, காலை நேரம். இரண்டு தனியார் டவுன் பஸ்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு வந்தன. பின்னால் வந்தது முன்னதை வலப்பக்கமாக ஏறிக் கடந்தது. கடந்த கையோடு இடப்பக்கம் ஒடித்து, நிறுத்தத்தில் நின்ற கூட்டத்தை முதலில் ஏற்றிக்கொள்ளப் பார்த்தது. அந்த ஓரத்தில்தான் என் நண்பர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடு அவருடைய வலது கைப்பிடியின் நுனியைத் தொட்டது. மோதல் என்று சொல்ல முடியாது, வெறும் உரசல்தான். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அவர் தோளும் தலையும் அடிபட சாலையோரக் கான்கிரீட் விளிம்பில் விழுந்தார். பஸ்ஸின் பின்சக்கரம் அவரைத் தொடாமல் போய்விட்டது. காறை எலும்பு முறிந்தது, உயிர் தப்பியது.

முன்னோர் செய்த புண்ணியம் என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நொடிக்குள் என்னென்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தால், அவர் பிழைத்ததற்கும் அந்த பஸ் அப்படி ஓடியதற்கும் தனித்தனியே காரணங்கள் தெரிகின்றன. இரண்டாவதைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

முதலில், அவர் ஏன் இடப்பக்கம் விழுந்தார்?

ஓடும் பைக் நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் முன்சக்கரத்தின் வேலை. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் சக்கரம் கொஞ்சம் திரும்பி எடைக்குக் கீழே வந்து நிற்கிறது. உள்ளங்கையில் குச்சியை நிறுத்தி விளையாடும் பிள்ளை, குச்சி சாயும் பக்கம் கையை நகர்த்துவது மாதிரி. இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நேராகப் போகும் வண்டியின் முன்சக்கரத்தைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பினால், சக்கரம் மட்டும் இடப்பக்கம் ஓடிவிடும். மேலே உள்ள எடை பழைய திசையிலேயே போகும். வண்டி வலப்பக்கம் சாயும். வேகத்தில் வலப்பக்கம் வளைய வேண்டுமானால் வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளு என்று பந்தய ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். தினமும் பைக் ஓட்டுகிற எல்லோரும் தெரியாமலேயே இதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இப்போது பஸ்ஸைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பைக்கை விட வேகமாகப் போகும் பஸ் வலது கைப்பிடியை உரசினால், அதை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பும். வண்டி வலப்பக்கம், அதாவது பஸ்ஸை நோக்கியே சாயும். ஓட்டுபவர் விழும் இடம் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில். பைக்கை விட மெதுவாகப் போகும் பஸ் உரசினாலோ கைப்பிடி பின்னால் தள்ளப்படும். முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பும். வண்டி இடப்பக்கம், பஸ்ஸை விட்டு விலகிச் சாயும். உரசும் விசை, சாலையில் கிடக்கும் மணல், ஓட்டுபவர் பிடித்திருக்கும் பிடி எல்லாம் இதைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றலாம். ஆனாலும் போக்கு இதுதான்.

நண்பரைத் தொட்ட கணத்தில் அந்த ஓட்டுநர் நிறுத்தத்துக்காக பிரேக்கை மிதித்துவிட்டிருந்தார். பஸ்ஸின் வேகம் பைக்கின் வேகத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அரை நொடி முன்னதாகத் தொட்டிருந்தால் அதே உரசல் அவரை எதிர்ப்பக்கம் சாய்த்திருக்கும். நண்பர் என்ன செய்தார், எவ்வளவு நன்றாக ஓட்டுவார் என்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை.

எதிர்ப்பக்கம் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு எளிய வடிவியல் போதும். 12 மீட்டர் நீளமுள்ள நகரப் பேருந்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஏறத்தாழ 6 மீட்டர் இருக்கும். முன் அச்சு 11 மீட்டர் ஆரத்தில் வளைந்தால், பின் அச்சு சுமார் 9.2 மீட்டர் ஆரத்தில் வளையும். பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்திலிருந்து 1.8 மீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு வருகின்றன என்று அர்த்தம். முன்பகுதி கடந்துவிட்டது, இடப்பக்கம் இடம் இருக்கிறது என்று பைக்காரர் நம்புகிற அந்த இடம் அடுத்த இரண்டு நொடியில் இல்லாமல் போகிறது. அதே வளைவில் பஸ்ஸின் வால் பகுதி எதிர்ப்பக்கம் சற்று வெளியே வீசும். பஸ் விபத்துச் செய்திகளில் பின்சக்கரம் அடிக்கடி வருவதற்கு இந்த வடிவியலும் ஒரு காரணம். பக்கவாட்டில், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தாழ்வாகத் தடுப்புச் சட்டம் பொருத்தினால் விழுந்தவர் உள்ளே போவதைத் தடுக்கலாம். பெரிய செலவு இல்லாத இந்தச் சட்டம் பல பஸ்களில் வளைந்தோ கழன்றோ கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆள் நிறைந்த பஸ் 16 டன் வரை இருக்கும். பைக்கும் ஆளும் சேர்ந்தால் 200 கிலோ. 80 மடங்கு வித்தியாசம். உரசியது ஓட்டுநருக்கு அதிர்வாகக்கூடத் தெரிந்திருக்காது. கண்ணாடியிலும் அவர் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். குவிகண்ணாடி எதையும் சிறிதாக்கி, தூரத்தில் இருப்பதாகக் காட்டும். அதோடு நம் மூளைக்கு ஒரு பழக்கம் உண்டு: பெரிய பொருள் சீக்கிரம் வந்து சேரும், சிறிய பொருள் தாமதமாக வரும் என்று கணக்குப் போடும், சிறியதுதான் அருகில் இருந்தாலும்கூட. உளவியலாளர் பாட்ரிசியா டெலூசியா 1991-இல் இதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார். கண்ணாடியில் தெரியும் பைக் இந்தக் குறைகள் எல்லாவற்றுக்கும் ஒருசேர ஆளாகிறது.

நண்பருடைய ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்தேன். வெளியே, இடது காதுக்கு மேலே கொஞ்சம் பெயிண்ட் உரிந்திருந்தது. அவ்வளவுதான், துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உள்துணியைப் பிய்த்தெடுத்தபோது வேறு கதை. சிராய்ப்புக்கு நேர் உள்ளே இருந்த கறுப்புத் தெர்மகோல் அமுங்கியிருந்தது. உருண்டை மணிகள் நசுங்கித் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஓரத்தில் மயிரிழை அகலத்தில் விரிசல். விரலால் அழுத்தினால் மற்ற இடங்களில் கொஞ்சம் கொடுத்தது. அங்கே கல்லாக இருந்தது.

உயிரைக் காப்பாற்றியது அந்த நசுங்கல்தான். பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழும் தலை நொடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இதே கணக்குதான். மெதுவாகத்தானே போகிறோம், ஹெல்மெட் எதற்கு என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெறும் தலை 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், மூளையின் மீது புவியீர்ப்பைப் போல் 500 மடங்கு முடுக்கம் விழும். தெர்மகோல் 25 மில்லிமீட்டர் நசுங்கி நிறுத்தினால் அது 60 மடங்காகக் குறையும். கையால் போடுகிற தோராயக் கணக்குதான் இது. ஆனால் மண்டை உடைவதற்கும் தலைவலியோடு எழுவதற்கும் உள்ள இடைவெளி இதில் தெரிகிறது. நசுங்கிய தெர்மகோல் திரும்ப எழாது. ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட வேண்டும் என்பது வியாபாரத் தந்திரம் அல்ல.

இந்த அறிவு நமக்கு ஒரு சாவிலிருந்து கிடைத்தது. 1935 மே மாதம் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மோட்டார் சைக்கிளில் விபத்துக்குள்ளான எழுத்தாளர் டி.இ. லாரன்ஸ் ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து இறந்தார். சிகிச்சைக்கு வந்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒருவர். அவர் பிறகு ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 2008-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கண்டது. இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். இவர்களில் எத்தனையோ பேரின் ஹெல்மெட் பெட்ரோல் டாங்க் மேலோ முழங்கையிலோ தொங்கியிருக்கும். வாரைப் பூட்டாமல் போட்டிருந்தாலும் பயன் குறைவுதான். முதல் அடிக்கே கழன்று பறந்துவிடும்.

விழுந்த நண்பர் உடனே எழுந்திருக்கப் பார்த்தார். நிறுத்தத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் நெஞ்சில் கைவைத்து, “எந்திரிக்காத கண்ணு, அப்படியே படு சாமி” என்று அழுத்திப் பிடித்தாராம். “ஒண்ணுமில்லைங்கம்மா, நல்லாத்தான் இருக்கேன்” என்று இவர் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. அவர் செய்ததுதான் சரி. கழுத்தெலும்பு முறிந்திருந்தால், எழுந்து உட்காருகிற அசைவே தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். மூச்சு விடத் தடையில்லை என்றால் ஹெல்மெட்டையும் அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. ஒருவர் கழுத்தைத் தாங்க, இன்னொருவர் மெல்லக் கழற்ற வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நெற்றிப்பொட்டுக்கு அருகே மண்டை ஓட்டின் உட்புறமாக ஒரு தமனி ஓடுகிறது. அங்கே எலும்பு மெல்லியது. அடியில் அந்தத் தமனி கிழிந்தால் மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கத் தொடங்கும். அடிபட்டவர் கொஞ்ச நேரம், சில வேளை பல மணி நேரம்கூடத் தெளிவாகப் பேசுவார், டீ குடிப்பார், வீட்டுக்குப் போகிறேன் என்பார். பிறகு தலைவலி, வாந்தி, மயக்கம். அந்தத் தெளிவை நம்பி ஸ்கேன் எடுக்காமல் விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. தமிழ்நாட்டில் செலவுக்குப் பயந்து தள்ளிப்போடவும் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்று பயப்படவும் வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது.

இனி அந்த பஸ். ஓட்டுநரைப் பிடித்து நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேருந்துகள் விரட்டிக்கொள்வது ஆளின் குணத்தால் மட்டும் வருவதல்ல. கணிதமே அதை உண்டாக்குகிறது. ஒரு பஸ் சிக்னலில் இரண்டு நிமிடம் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். அடுத்த நிறுத்தத்தில் அந்த இரண்டு நிமிடத்தில் கூடுதலாகச் சேர்ந்த ஆட்களையும் அதுதான் ஏற்ற வேண்டும். அதனால் இன்னும் தாமதம், அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ நிறுத்தங்கள் காலியாக இருக்கும். அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிவிடும். அரை மணி நேரம் பஸ்ஸே வராமல், பிறகு மூன்று சேர்ந்து வருவது இப்படித்தான். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைச் சமன்பாடாக எழுதிக் காட்டிவிட்டார்கள். கால அட்டவணையை யார் எவ்வளவு கச்சிதமாகப் போட்டாலும், சேர்ந்துகொள்வது பஸ்களின் இயல்பு.

இந்த இயல்போடு பணத்தைக் கட்டிவிட்டால் பந்தயம் தொடங்கிவிடுகிறது. நம் ஊரில் பல தனியார் பஸ்களில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் பேட்டா, அன்றைய கலெக்‌ஷனைப் பொறுத்தது. முன்னால் போகிற பஸ் ஏற்றும் ஒவ்வொரு ஆளும் பின்னால் வருபவரின் வருமானத்தில் குறைகிறார். பஸ் ஸ்டாண்டில் டைமிங் தகராறு கைகலப்பு வரை போவதைப் பார்க்காத கோவைக்காரர் இருக்க மாட்டார். டில்லியில் தனியார் புளூலைன் பஸ்களும் வசூலுக்காக இப்படித்தான் ஓடி, மக்கள் உயிரைக் குடித்து, கடைசியில் சாலையை விட்டே விலக்கப்பட்டன.

சிலி நாட்டின் சாண்டியாகோ நகரம் இதை அளந்தே காட்டியது. அங்கே சில நிறுவனங்கள் ஏற்றிய ஆளுக்கு இவ்வளவு என்றும், சில நிறுவனங்கள் நிலையான சம்பளமாகவும் ஓட்டுநர்களுக்குக் கொடுத்துவந்தன. ஒரே நகரம், ஒரே மாதிரிச் சாலைகள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய ஓட்டுநர்கள், முன்னால் போன பஸ் எத்தனை நிமிடத்துக்கு முன் கடந்தது என்று குறித்துச் சொல்ல, தெருமுனைகளில் ஆட்களை வைத்துக் காசு கொடுத்தார்கள். ஜான்சன், ரைலி, முன்யோஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். நிலையான சம்பள வழித்தடங்களில் பயணிகள் சுமார் 13 சதவீதம் கூடுதலாகக் காத்திருந்தார்கள். போட்டி, இடைவெளிகளை ஓரளவு சீராக்கியது உண்மைதான். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வாங்கியவர்கள் கிலோமீட்டருக்கு 67 சதவீதம் அதிக விபத்துகளைச் செய்தார்கள்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். அது மணிக்கு 80 கி.மீ.-க்கு மேல் போவதைத்தான் தடுக்கும். சத்தி சாலையில் ஒடித்து வெட்டுவதற்கு 40 போதும். மாற்ற வேண்டியது சம்பள முறையும் பஸ்களை அனுப்பும் முறையும். ஒரு வழித்தடத்தின் வசூலை மொத்தமாகச் சேர்த்து, ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப உரிமையாளர்கள் பிரித்துக்கொண்டால் முந்துவதில் லாபம் இல்லை. அனுப்பும் முறைக்கு வழி சொன்னவர்கள் பார்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இரு பேராசிரியர்கள். அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் வரும் பஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப முன்னதைக் கடைசி நிறுத்தத்தில் சற்று நிறுத்திவைத்தால், இடைவெளிகள் தாமாகவே சமமாகிவிடும் என்று 2012-இல் எழுதினார்கள். அமெரிக்காவில் அட்லாண்டா நகரின் பல்கலைக்கழக வளாகப் பேருந்துகளில் அதை ஓட்டியும் பார்த்தார்கள்.

இதற்கு வேண்டியது பஸ் இப்போது எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டுமே. 2019 முதல் நம் நாட்டில் பதிவாகும் புதிய பொதுப் பயணிகள் வாகனங்களில் இடம் காட்டும் கருவி கட்டாயம். காந்திபுரத்திலும் உக்கடத்திலும் நிற்கும் டைம் கீப்பரின் கையில் நோட்டுக்குப் பதில் அந்தத் தகவலைக் காட்டும் திரையைக் கொடுப்பதில் இருந்து தொடங்கலாம். கூடவே, ஓட்டுநரின் சம்பளத்தைக் கலெக்‌ஷனிலிருந்து பிரித்தாக வேண்டும். சாண்டியாகோ கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், பத்து நிமிடம் காத்திருந்த பயணி பதினொன்றேகால் நிமிடம் காத்திருப்பார்.