சிறுநீரில் ரத்தமா? குடல்வாலையும் பாருங்கள்!

சிறுநீரில் ரத்தம் கண்டால் 'சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

அபூர்வமாக, கோளாறு தொடங்கிய இடம் சிறுநீர்ப்பையாக இராது. சிலருக்குக் குடல்வால் இடுப்புக்குழிக்குள் இறங்கி, சிறுநீர்ப்பையை ஒட்டிக் கிடக்கும். அதில் தோன்றும் புற்று பையின் சுவரைத் துளைத்துவிடுவது உண்டு. அப்போது சிறுநீரோடு காற்றுக் குமிழிகூட வரலாம்.

கருவி விட்டுப் பார்த்தால் சிறுநீர்ப்பைப் புற்று போலவே தோன்றும். துணுக்கு எடுத்துச் சோதித்தால் 'சுரப்பி வகை' என்று முடிவு வரும். சிறுநீர்ப்பையிலேயே தொடங்கும் புற்றில் இந்த வகை 100-க்கு 2 பேருக்கு இருந்தால் அதிகம். டாக்டருக்குச் சந்தேகம் எழவேண்டிய இடம் இதுதான். சி.டி. ஸ்கேன் குடல்வாலைக் காட்டிக்கொடுக்கும். பெருங்குடலுக்குள் விடும் குழாயில் அதன் வாய் மட்டுமே தெரியும்.

பிரித்தறியாவிட்டால், பையை மட்டும் அறுத்து வேரை விட்டுவிட நேரும்.

மும்பை பரேல் டாடா நினைவு மருத்துவமனைக்குப் போகிறவர்கள், வெளியே எடுத்த ஸ்கேன் படங்களையும் துணுக்குச் சோதனைக் கண்ணாடித் தகடுகளையும் மறவாமல் கொண்டுபோகட்டும்.