ஒரு வருட முதுகலைப் படிப்பு: சேமநிதியைத் தொடுமுன்...

பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிய உங்கள் பிள்ளை, "இன்னும் ஒரே வருஷம்தாம்மா, மாஸ்டர்ஸ் முடிச்சிடுறேன்" என்று வந்து நிற்கிறதா? பெருமைதான். ஆனால் அந்த ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது, இல்லையா? வாருங்கள், கணக்குப் பார்ப்போம்.

முதுகலையை ஒரே வருடத்தில் முடிப்பது பிரிட்டனில் வழக்கம். செப்டம்பரில் சேர்ந்தால் வகுப்பு, பரீட்சை, கோடையில் ஓர் ஆய்வுக் கட்டுரை. மறு செப்டம்பரில் வீடு வந்து சேரலாம். விலையைக் கேளுங்கள். பேர் பெற்ற லண்டன் ஸ்கூல் ஆஃப் இகனாமிக்ஸில் கட்டணம் மட்டும் 30,000 பவுண்டுக்கு மேல். பவுண்டுக்கு ஐந்து வெள்ளி என்று குறைத்துப் போட்டாலும் ஒன்றரை லட்சம் வெள்ளி! 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு காசு செலவழிக்காமல் ஏழு வருடத்துக்கு மேல் பால் வெட்டினால்தான் அது சேரும். சாப்பாடும் அறை வாடகையும் தனி.

"ஜெர்மனியில் கட்டணமே இல்லையாமே?" என்பீர்கள். அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இல்லைதான். ஆனால் அங்கே முதுகலை பெரும்பாலும் இரண்டு வருடம். குடியிருக்கும் செலவுக்குப் பணம் இருப்பதாக முன்கூட்டியே காட்டவும் வேண்டும்.

அப்படியானால் பிரிட்டன் கனவை விட்டுவிடுவதா? வேண்டாம். செவனிங் என்ற பிரிட்டிஷ் அரசாங்க உபகாரச் சம்பளம் இந்த ஒரு வருடப் படிப்புக்கென்றே இருக்கிறது. கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்குப் பட்டம் வேண்டும். இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இங்கே இருக்க வேண்டும். போட்டி கடுமைதான். எழுதிப் போடாதவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

உள்நாட்டைப் பற்றி நம்மவர்கள் ஏனோ கடைசியில்தான் யோசிக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் பொருளாதார முதுகலை உண்டு. கட்டணம் வெளிநாட்டில் கேட்பதில் ஒரு சிறு பங்குதான். தரம் குறைவோ என்று தயங்காதீர்கள். ஒரு குடும்பத்தில் தலைக்கு எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணியே வறுமையை அளக்கலாம் என்று சொன்ன உங்கு அசிஸ், 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். நம் லயத்துக் கொடிக்கயிறும் பொருளாதாரப் பாடம்தான் போலிருக்கிறது!

சேரும் முன் பிள்ளையை இரண்டு விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள். வகுப்பும் பரீட்சையுமாக நடப்பதா, ஆய்வு மட்டுமா? ஆய்வுப் படிப்பு ஒரு வருடம் என்று தொடங்கி இழுத்துக்கொண்டே போகும். வேலை பார்த்தபடி பகுதி நேரமாகப் படிக்க இடம் உண்டா?

இனி ஊழியர் சேமநிதி. பிள்ளையின் மேற்படிப்புக் கட்டணத்துக்கு உங்கள் சேமநிதியிலிருந்து எடுக்கலாம். 2024 மே மாதம் முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது; படிப்புப் பணம் வருவது அக்காவுன் செஜாத்ராவிலிருந்து. ஆனால் வீடு வாங்க எடுப்பதும் அதே கணக்கிலிருந்துதான். வேலை ஓய்ந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நமக்கு இது சின்ன விஷயமா? பிள்ளை முதலில் இரண்டு வருடம் வேலைக்குப் போகட்டும் என்பேன். செவனிங் கேட்கும் அனுபவமும் அதிலேயே வந்துவிடும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடுகிறது.