ஜன்னல் திரைக்கு அளவெடுக்கத் தெரியுமா?



வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கத் தெரிந்தவர்கள் நாம். ஆனால் ஒரு ஜன்னலுக்கு எத்தனை மீட்டர் ஸ்கிரீன் துணி வேண்டும் என்று கேட்டால், எத்தனை பேருக்கு உடனே சொல்ல வரும்? எனக்கு வரவில்லை. அந்தக் கதையைச் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வருகிறேன்.

என் அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் தைப்பவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். போன வருடம் எங்கள் தெருவில் புதுவீடு கட்டியவர்கள் இரண்டு ஜன்னல்களுக்குத் திரை தைக்கச் சொன்னார்கள். அம்மாவுக்கோ காய்ச்சல். "நீதான் டிப்ளமோ படிக்கிறியே, போய் அளந்துட்டு வாடா" என்று அனுப்பினார்.

நானும் ஸ்டீல் டேப்போடு போய், ஜன்னல் சட்டத்தை அளந்து, 4 அடிக்கு 4 அடி என்று எழுதிக்கொண்டு வந்தேன். "ராடுலேருந்து அளந்தியாடா?" என்று அம்மா கேட்டார். "அதெல்லாம் அளந்தாச்சும்மா" என்றேன். பொய்! ராடை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படிக்கிறவனுக்கு இது தெரியாதா என்று நினைத்துவிடுவாரோ என்ற வறட்டு கௌரவம்.

தைத்து மாட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ராடு சட்டத்துக்கு 4 அங்குலம் மேலே இருந்தது. அதனால் திரை, ஜன்னலின் அடிக்கட்டைக்கு 4 அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. நாலு துண்டும் குட்டை! என் பரீட்சைக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் அம்மா புதுத்துணி வாங்கித் தைத்துக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று ராத்திரி பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததுதான் கீழே உள்ள கணக்கு.

1. முதலில் ராடு: ஜன்னலுக்கு மேலே சுமார் 4 அங்குலமும், இரு பக்கமும் 6 அங்குலமும் தள்ளி ராடு இருந்தால் பக்கவாட்டில் வெளிச்சம் கசியாது. 48 அங்குல ஜன்னலுக்கு ராடு 60 அங்குலம்.

2. உயரம்: வளையம் தொங்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். மேலே 4, ஜன்னல் 48, கீழே இறக்கம் 6. ஆக 58 அங்குலம். மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 4 சேர்த்தால் வெட்ட வேண்டியது 66 அங்குலம்.

3. அகலம்: ராடு அளவுக்கே தைத்தால் போர்வையைக் காயப்போட்ட மாதிரி தட்டையாக இருக்கும். சுருக்கம் விழ, ராடைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். மெல்லிய துணி என்றால் இரண்டு மடங்கு. 48 அங்குலப் பன்னாவுள்ள துணியில் இரண்டு துண்டு எடுத்தால், ஓர மடிப்பு போக ஒவ்வொன்றும் 45. மொத்தம் 90. அதாவது 60-க்குச் சரியாக ஒன்றரை மடங்கு.

4. வாங்கும் துணி: 66 அங்குலத்தில் இரண்டு துண்டு என்றால் 132 அங்குலம். அம்மா கணக்குப் போடுவது அங்குலத்தில், கடையில் கிழிப்பது மீட்டரில். ஒரு மீட்டர் 39.37 அங்குலம். ஆகவே 3.35 மீட்டர். மூன்றரையாக வாங்குவது நல்லது. பெரிய பூப்போட்ட துணி என்றால் இரண்டு துண்டிலும் பூ நேராக வர இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

5. பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கிக் குட்டையாகிவிடும்.

இந்த ஐந்தாவதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபவுண்டரியில் உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதற்காகப் பேட்டர்னைப் பெரிதாகச் செய்கிறோமே, அதே 'ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ்' தானே இது! நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததை, பள்ளிக்கூடம் போகாத என் அம்மா நாள்தோறும் கத்திரிக்கோலால் செய்துகொண்டிருக்கிறார்.

நண்பர்களே! என் டேப் தப்புக் காட்டவில்லை. 4 அடி என்பது துல்லியமான 4 அடிதான். எதை அளப்பது என்று கேட்காமல் போனதுதான் என் தப்பு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை.

அந்தக் குட்டைத் திரையில் ஒன்று இப்போது எங்கள் வீட்டுச் சின்ன ஜன்னலில் தொங்குகிறது. அதற்குக் கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம், மறுபடி ஒருமுறை அளக்கத் தோன்றுகிறது எனக்கு.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை